தவிட்டுக்கு விற்ற பிள்ளை

உன்னைத் தவிட்டுக்கு வாங்கினோம் என்று சொல்லிப் பிள்ளையை அழவைக்காத வீடு நம் பக்கத்தில் உண்டா? சொன்னவள் சிரிப்பாள், பிள்ளை உதட்டைப் பிதுக்கும், அப்புறம் இழுத்து மடியில் போட்டுக் கொஞ்சுவார்கள், அத்தோடு சரி. பெங்களூர் ஜோகுபாளையத்துப் பாகீரதி விஷயத்தில் அது விளையாட்டில்லை. தன் பிள்ளையை அவள் நிஜமாகவே ஒரு முறம் தவிட்டுக்கு விற்றாள். விற்ற பேச்சை நாற்பது வருஷம் காப்பாற்றினாள். கேட்டு முடித்தபிறகு அவளைத் திட்டத் தோன்றினால் தாராளமாகத் திட்டிக்கொள்ளுங்கள். அந்தத் தெருவில் அவளைத் திட்டாத வாய் இல்லை.

தாது வருஷத்துப் பஞ்சத்தில் கைக்குழந்தையான அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வட ஆற்காட்டிலிருந்து நடந்தே பெங்களூர் வந்து சேர்ந்தவன் அவள் அப்பன். பட்டாளம் இருக்கிற ஊரில் கையுள்ளவனுக்கு வேலை உண்டு. குதிரைக்குப் புல் வெட்ட வேண்டும், துரை வீட்டுக்குத் தண்ணீர் சுமக்க வேண்டும், ரோட்டுக்கு ஜல்லி உடைக்க வேண்டும். அல்சூரைச் சுற்றி முக்காலே மூணு வீசம் பேர் அப்படி வந்து விழுந்தவர்கள்தான். கன்னட தேசத்துக்கு நடுவே தமிழ் பேசுகிற ஒரு ஊர் முளைத்ததற்கு யாரும் திட்டம் போடவில்லை, பசிதான் கொண்டுவந்து கொட்டியது.

வளர்ந்ததும் செங்கல் வண்டி ஓட்டுகிற துரைசாமிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். நல்லவன்தான், கோபக்காரன், ஆனால் பிள்ளை என்றால் உருகிப்போகிறவன். பாவம், அவனுக்கு உருகத்தான் முடிந்தது. முதல் பிள்ளை பிறந்த கையோடு போயிற்று. இரண்டாவது மாந்தத்தில் போயிற்று. மூன்றாவது பெண் குழந்தை, ஓடி விளையாடுகிற வயசு, பெங்களூருக்கு முதல்முதலாகப் பிளேக் வந்தபோது தொடையில் கட்டி கட்டிக்கொண்டு செத்தது. அந்த வருஷம் ஊரே பாதியாயிற்று. செத்தவர்கள் பாதி, ஓடிப்போனவர்கள் பாதி.

நாலாவதாகப் பையன் பிறந்தபோது பாகீரதி அவன் முகத்தையே பார்க்கவில்லை. பார்த்தால் ஆசை வந்துவிடும் என்று பயம். பிரசவம் பார்த்த கிழவிதான் வழி சொன்னாள்.

"இதையும் பறிகுடுக்கப் போறியா? வித்துடுடி. ஒன்னுதுன்னு இருந்தாத்தானே எமன் வந்து கேப்பான்? அடுத்த வூட்டுப் புள்ளையாக்கிடு. அப்புறம் மட்டும் தப்பித்தவறி எம்புள்ளன்னு வாயால சொல்லிடாத. சொன்னியோ, அன்னிக்கே அவன் காதுல வுழுந்துடும்."

அடுத்த வீட்டில் ஜோசஃபின் இருந்தாள். அவள் புருஷன் சில்வெஸ்டர் ஒரு கர்னல் துரை பங்களாவில் சமையல்காரன். கத்தோலிக்கர்கள். கல்யாணமாகிப் பல வருஷம் ஆகியும் ஜோசஃபினுக்கு வயிறு திறக்கவில்லை. சுவருக்குச் சுவர் ஒட்டின வீடு, குழம்புக் கிண்ணம் தினமும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போய்வரும். பாகீரதி விஷயத்தைச் சொன்னதும் ஜோசஃபின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள், பிறகு முறத்தில் தவிட்டை அள்ளிக்கொண்டு வந்துவிட்டாள்.

"இந்தா தவிடு. குடு எம்புள்ளய."

அவ்வளவுதான் வியாபாரம். ஜோசஃபின் குழந்தையைத் தன் வீட்டுக்கு எடுத்துப்போய் மாதா படத்துக்கு முன்னால் கிடத்தி எடுத்து, "பால் குடுத்து வளத்துக் குடு" என்று மறுபடி பாகீரதி கையில் கொடுத்தாள். தவிடு துரைசாமியின் வண்டி மாட்டுக்குப் போயிற்று. தெருவில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். பையனைத் தவிட்டான் என்றே கூப்பிட்டார்கள். ஜோசஃபின் அதோடு விடவில்லை. வாங்கினது வாங்கினதுதானே, மாதா சும்மா காப்பாற்றுவாளா என்று கோயிலுக்குத் தூக்கிப்போய் ஞானஸ்நானம் கொடுத்து ஆம்ப்ரோஸ் என்று பேரும் வைத்துவிட்டாள். துரைசாமி ஒரு நாள் முழுக்கக் குதித்தான். "குதிச்சது போதும், புள்ள உசுரோட இருக்குதில்ல?" என்று பாகீரதி கேட்டதும் அடங்கிப்போனான்.

பிள்ளை உயிரோடுதான் இருந்தது. கழுக்குமொழுக்கென்று வளர்ந்தது. பாகீரதியை யக்கா என்றும் ஜோசஃபினை அம்மா என்றும் கூப்பிட்டது. பாலைக் கொடுத்து, மலம் அள்ளி, ராவெல்லாம் கண்முழித்தவளுக்கு யக்கா பட்டம்! அதைக் கேட்கும்போதெல்லாம் பாகீரதிக்கு நெஞ்சு வலிக்கும். வலித்தால் வலிக்கட்டும், பயல் இருக்கிறான் அல்லவா என்று சோற்றைப் பிசைந்து அவன் வாயில் ஊட்டுவாள்.

அந்தச் சமயத்தில்தான் சர்க்கார் தலையெண்ண வந்தது. பத்து வருஷத்துக்கு ஒருதரம் வரும், கானேஷுமாரி என்பார்கள். கதவுக்குக் கதவு காவியில் நம்பர் போட்டார்கள். பிறகு ஒரு பள்ளிக்கூட வாத்தியார் மசிக்கூட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"பிள்ளைகள் எத்தனை?"

"இல்லீங்க" என்றாள் பாகீரதி. இடுப்பில் தவிட்டான் அவள் தாலியைச் சப்பிக்கொண்டு இருந்தான்.

"அப்ப இது?"

"அது பக்கத்து வூட்டு ஜோசஃபினுதுங்க."

துரைசாமி வாயைத் திறந்தான். அவன் முழங்கையில் ரத்தம் கட்டுகிற மாதிரி கிள்ளினாள் பாகீரதி. வாத்தியார் அடுத்த கதவுக்குப் போனார். அங்கே ஜோசஃபின் தலைநிமிர்ந்து, "ஒரு பையன், பேரு ஆம்ப்ரோஸ், கிறிஸ்துவங்க" என்றாள். எழுதியாயிற்று. ஒரு சுவரைத் தாண்டுகிற நேரத்தில் அந்த ஊரில் இந்து ஒருத்தன் குறைந்து கிறிஸ்துவன் ஒருத்தன் கூடினான். பெரிய மனுஷர்கள் பின்னால் இந்தக் கூட்டல் கழித்தலை வைத்துக்கொண்டு பத்திரிகையில் சண்டை போட்டார்கள். இவன் எப்படிப் பெருகினான், அவன் எப்படிக் குறைந்தான் என்று என்னென்னவோ காரணம் கண்டுபிடித்தார்கள். ஒரு முறம் தவிடு என்று அவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை.

துரைசாமி மட்டும் ரொம்ப நேரம் முழங்கையைத் தடவிக்கொண்டு இருந்தான். "சர்க்காருகிட்டகூடவா பொய் சொல்லணும்?" என்றான்.

"சர்க்காரு என்ன பண்ணும்? கணக்குல எங்க இருந்தா என்ன, சோறு இங்கதான துன்றான்" என்றாள் அவள்.

சர்க்கார் என்ன பண்ணும் என்பது கொஞ்ச நாளில் தெரிந்துவிட்டது. மறுபடி எலி விழ ஆரம்பித்தது. பரணில் இருந்து தொப்பென்று விழுந்து சுற்றிச் சுற்றிச் சாகும். முதலில் சில்வெஸ்டருக்குத்தான் காய்ச்சல் வந்தது. ஜோசஃபின் கதவைச் சாத்தி மறைத்துப் பார்த்தாள். யாரோ புண்ணியவான் போய்ச் சொல்லிவிட்டான். வெயில் ஏறினபோது சுகாதார இன்ஸ்பெக்டர் ஆட்களோடும் மூடின வண்டியோடும் வந்து இறங்கினார். நோய் வந்த வீட்டில் ஒருத்தரையும் விட்டுவைக்க மாட்டார்கள். எல்லோரையும் ஊருக்கு வெளியே கேம்ப்புக்குக் கொண்டுபோய், கூரை ஓட்டைப் பிரித்து வெயிலை உள்ளே விட்டு, சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போவார்கள். கேம்ப்புக்குப் போனவர்கள் திரும்பி வந்ததை ஜோகுபாளையத்தில் அதிகம் பேர் பார்த்ததில்லை.

"ஈ மனேலி எஷ்டு ஜனா?" என்று கன்னடத்தில் கேட்ட இன்ஸ்பெக்டர், பதிலுக்குக் காத்திருக்காமல் கையிலிருந்த தலையெண்ணிக்கைக் கணக்கைப் பார்த்துத் தானே சொன்னார். "மூணு பேரு. புருஷன், பெண்டாட்டி, ஒரு குழந்தை. குழந்தை எங்கேம்மா?"

குழந்தை பாகீரதியின் வீட்டில், பாகீரதியின் மடியில், பாதிச் சோற்றில் இருந்தது. துரைசாமி வண்டியோடு சூளைக்குப் போயிருந்தான். ஜோசஃபின் வாசலில் வந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

"சொல்லிடு பாகீ" என்றாள் தணிந்த குரலில். "ஒம்புள்ளன்னு சொல்லிடு. நான் ஒண்ணும் நெனைச்சுக்க மாட்டேன். இவனாவது நிக்கட்டும்."

ஐயோ, அந்த மனசு யாருக்கு வரும்! ஒரு வார்த்தைதான். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியிருந்தால் தெருவே சாட்சி சொல்லியிருக்கும். ஆனால் பாகீரதிக்கு அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் தெரியவில்லை, வண்டி தெரியவில்லை. எமன் சுவரோரமாக நின்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறான் என்றுதான் தோன்றியது. மூன்றைக் கொண்டுபோனவன் அல்லவா? அவன் இந்தத் தெருவில் நிற்கிறபோதா, கைக்கெட்டுகிற தூரத்தில் இருக்கிறபோதா, எம்புள்ள என்று கத்துவது?

பிள்ளையின் வாயைத் துடைத்தாள். எழுந்து வந்து ஜோசஃபின் கையில் கொடுத்தாள்.

"இந்தா ஒம்புள்ள" என்றாள்.

ஜோசஃபின் அப்போது பார்த்த பார்வையைப் பாகீரதி சாகும்வரை மறக்கவில்லை. பையன் யக்கா யக்கா என்று இரண்டு கையையும் நீட்டி அலறினான். வண்டிக் கதவைச் சாத்தினார்கள்.

துரைசாமி வந்து விஷயம் கேட்டு, பெண்டாட்டியை அடிக்கவில்லை. அடித்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். தெருப் புழுதியில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டான். தினமும் கேம்ப்பு வேலிப் பக்கம் போய் நின்றான், உள்ளே விடவில்லை. சில்வெஸ்டர் போன சேதி வந்தது. பின்னாலேயே ஜோசஃபின் போன சேதி வந்தது. பையனுக்கு ஒன்றுமே ஆகவில்லை. இரண்டு பிணத்துக்கு நடுவே படுத்துக் கிடந்தவனுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. அவனைக் கன்னியர் மடத்து அநாதை விடுதிக்குக் கொடுத்துவிட்டார்கள்.

துரைசாமி அங்கே ஓடினான். நான்தான் பெத்த அப்பன் என்றான். விடுதி மதர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். பிள்ளைக்கு ஞானஸ்நானம் ஆகியிருக்கிறது, அப்பன் பேர் சில்வெஸ்டர் என்றிருக்கிறது, சர்க்கார் கணக்கிலும் அப்படித்தான் இருக்கிறது. நீ சொல்வதை மட்டும் நம்பி எப்படிக் கொடுப்பது? பெற்றவளைக் கூட்டி வா, அவள் வாயால் சொல்லட்டும், பங்குச் சாமியாரிடம் நானே பேசுகிறேன் என்றார். நியாயமான பேச்சுதான்.

போகிற வழியெல்லாம் துரைசாமி கெஞ்சினான். "ஒரே ஒரு வார்த்த பாகீ. அப்புறம் ஜன்மத்துக்கும் சொல்லாத. நான் கேக்கவே மாட்டேன்."

மடத்துத் தாழ்வாரத்தில் தவிட்டானைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தலையை மொட்டையடித்து, முழங்கால் மறைகிற சட்டை போட்டிருந்தார்கள். பாகீரதியைப் பார்த்ததும் ஓடிவந்து புடவையைப் பிடித்துக்கொண்டான்.

"இவன் உன் பிள்ளையாம்மா?" என்று கேட்டார் மதர்.

பாகீரதி ஒரு தந்திரம் பண்ணிப் பார்த்தாள். "ஜோசஃபின் புள்ளதாங்க. எங்கிட்டதான் வளந்தான். எனக்கே குடுத்துடுங்க, கண்ணாட்டம் வெச்சிப் பாத்துக்கறேன்."

"கிறிஸ்துவப் பிள்ளையை வேறே மதத்து வீட்டுக்குக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லையம்மா. உன் வயிற்றுப் பிள்ளை என்றால் சொல், அது வேறே பேச்சு."

துரைசாமி கைகூப்பிக்கொண்டு பெண்டாட்டி முகத்தையே பார்த்தான். அவளோ பையனைப் பார்த்தாள். எலி விழுந்த வீட்டில் இருந்தான், பிழைத்தான். கேம்ப்பில் கிடந்தான், பிழைத்தான். அம்மா என்று கூப்பிட்டவளே செத்தாள், இவன் பிழைத்தான். எதனால்? இவன் யார் பிள்ளை என்று எமனுக்கே குழம்பிப்போயிற்று, அதனால்தான். இப்போது வாயைத் திறந்து விலாசம் சொல்லிக்கொடுப்பதா?

"இல்லீங்க" என்றாள். புடவையைப் பிடித்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள்.

வெளியே வந்ததும் துரைசாமி ஒரே ஒரு கேள்வி கேட்டான். "நீயெல்லாம் ஒரு தாயா?" அவன் வண்டியையும் மாட்டையும் விற்றுவிட்டுக் கோலார் தங்கச் சுரங்கத்துக்குப் போனான். அடுத்த தலையெண்ணிக்கை வருவதற்குள் அங்கேயே ஒரு பாறை விழுந்து செத்தான். தெருக்காரர்களும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு அந்தத் தெருக்காரர்களே மிஞ்சவில்லை. நோய்க்குக் கொஞ்சம் பேர், சுரங்கத்துக்குக் கொஞ்சம் பேர், மில்லுக்குக் கொஞ்சம் பேர் என்று பிரிந்துபோனார்கள். சேலத்திலிருந்தும் தர்மபுரியிலிருந்தும் புது ஜனம் வந்து அந்த வீடுகளில் குடியேறியது. தவிட்டான் என்று ஒரு பிள்ளை இருந்ததை அறிந்தவள் பாகீரதி ஒருத்திதான்.

ஏரிக்கரைத் தோட்டத்தில் கீரை வாங்கி, கூடையில் சுமந்து விற்றுப் பிழைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் விடுதிப் பிள்ளைகள் வரிசையாகக் கோயிலுக்குப் போகிற ரோட்டில்தான் அவளுக்கு வியாபாரம். அந்த வரிசையில் ஒரு தலை மட்டும் வருஷா வருஷம் உயர்ந்துகொண்டே போனதைப் பார்த்துக்கொண்டு இருந்தாள். முதல் யுத்தம் முடிகிற சமயத்தில் விஷ ஜுரம் வந்து வீட்டுக்கு ஒரு எழவு விழுந்தது. அவனுக்கும் ஜுரம் கண்டது என்று வாசல்காரன் சொன்னான். பாகீரதி பிளேக் மாரியம்மன் கோயிலில் போய் விழுந்து, வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள். வேண்டிக்கொள்ளக்கூட இல்லை, வேண்டுதலில் யாருடைய பிள்ளை என்று சொல்ல வேண்டி வருமே! அவன் எழுந்துவிட்டான். என் வாய்தான் அவனுக்குக் காவல் என்று அன்றைக்கு அவள் மனசில் கல்வெட்டாக விழுந்துவிட்டது.

ஆம்ப்ரோஸ் படித்து வாத்தியார் ஆனான். பிலோமின் என்ற பெண்ணைக் கட்டிக்கொண்டு காக்ஸ் டவுனில் வாடகைக்குக் குடிவந்தான். டோரீன் என்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. பாகீரதியின் கூடையும் காக்ஸ் டவுனுக்கு மாறியது. மருமகள் பேரம் பேசுகிறதில் கெட்டிக்காரி, அரைக்கட்டுத் தண்டுக்கீரைக்கு அரைமணி நேரம் மல்லுக்கு நிற்பாள். பாகீரதியும் விடமாட்டாள். கடைசியில் கொசுறு என்று ஒரு கை கொத்தமல்லியை அள்ளிப் போட்டுவிட்டுப் போவாள். அந்த வீட்டுக்கு மட்டும் கொசுறு கொஞ்சம் அதிகம்.

அவனே ஒரு நாள் அவள் வாசலில் வந்து நின்றான். மறுபடி தலையெண்ணிக்கை. ஜோகுபாளையத்தை ஆம்ப்ரோஸ் வாத்தியாருக்கு ஒதுக்கியிருந்தார்கள். பாகீரதி முந்தானையால் முக்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"ஆயா, நீங்களா? இங்கதான் இருக்கீங்களா?" என்று சிரித்தான். "சரி சொல்லுங்க. வீட்டுக்காரர்?"

"கோலாருல செத்துட்டாருங்க."

"பசங்க?"

பென்சில் காத்துக்கொண்டு இருந்தது. அவன் நெற்றியில் துரைசாமிக்கு இருந்த அதே சுழி.

"இல்லீங்க" என்றாள்.

எழுதிக்கொண்டான். உடனே எழுந்து போகவில்லை. "எங்க அப்பா அம்மாவும் இந்தத் தெருதான்னு மடத்துல சொல்வாங்க ஆயா. பிளேக்ல போயிட்டாங்க. சில்வெஸ்டர், ஜோசஃபின்னு பேரு. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா? எனக்கு அவங்க மொகமே ஞாபகம் இல்ல."

பாகீரதி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"தெரியாம என்ன? பக்கத்து வூடாச்சே. தங்கமான பொம்பள ஒங்கம்மா. ஒன்ன தரையில வுடமாட்டா. சோத்துல பருப்ப போட்டு மசிச்சு, நெய் இல்லன்னா நல்லெண்ணெய் வுட்டு ஊட்டுவா. நீ அவ தாலிய சப்பிக்கினே தூங்குவ. ஒனக்கு ஒடம்பு சுட்டா அவ பச்சத்தண்ணி பல்லுல படாம கெடப்பா."

ஜோசஃபின் கழுத்தில் தாலி இல்லை, சிலுவை போட்ட சங்கிலிதான். அவனுக்கு அது எப்படித் தெரியும்? கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான்.

அதற்கப்புறம் கீரை வாங்குகிற சாக்கில் அவனே வெளியே வந்துவிடுவான். எங்கம்மா பாட்டுப் பாடுவாங்களா, கோபம் வருமா என்று கேட்பான். பாகீரதி சொல்லுவாள். தன் பாலை, தன் தாலாட்டை, தன் கண்முழிப்பை ஒவ்வொன்றாக எடுத்து ஜோசஃபின் பேரில் அவனுக்குக் கொடுத்தாள். உலகத்தில் எந்தத் தாய்க்கு இந்தக் கொடுமை நடந்திருக்கும்! சில நாள் வீட்டுக்கு வந்து வாயில் துணியை அடைத்துக்கொண்டு அழுவாள். ஆனாலும் அவளுக்கு அந்தப் பத்து வருஷம்தான் வாழ்க்கை. பையன் இருக்கிறான், பேசுகிறான், தலை நரைக்கத் தொடங்கிவிட்டது. நரைக்கிறவரை காப்பாற்றிவிட்டேன் பார் என்று எமனைப் பார்த்து ஏளனமாகக்கூடச் சொல்லிக்கொள்வாள்.

இரண்டாவது யுத்தம் ஆரம்பித்து ஊரெல்லாம் சிப்பாய்களாக நிறைந்திருந்தபோது ஆம்ப்ரோஸ் டைபாய்டு ஜுரத்தில் படுத்தான். இறங்கும், ஏறும். பிலோமின் பேரம் பேசுவதை நிறுத்திவிட்டாள், கீரையே வாங்கவில்லை. பாகீரதி வெறும் கூடையோடு வந்து பின்வாசல் படியில் உட்கார்ந்திருப்பாள். ஒரு நாள் மத்தியானம் பிலோமின் ஓடிவந்தாள்.

"ஆயா, உள்ள வாங்களேன். அம்மா அம்மான்னு பெனாத்திக்கிட்டே இருக்காரு. நீங்கதான் அவங்கள பாத்தவங்க. ஏதாவது சொல்லுங்க, கொஞ்சம் அடங்குவாரு."

முதல்தரமாக அந்த வீட்டுக்குள் போனாள். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் நெற்றியில் கை வைத்தாள். நாற்பது வருஷத்துக்குப் பிறகு தொடுகிறாள். அடுப்பாகச் சுட்டது. அவன் கண்ணைத் திறந்து அவளையே பார்த்தான்.

"எங்கம்மா வந்தாங்களா?"

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இதோ இருக்கேன்டா, நான்தான்டா என்று சொல்ல உடம்பே துடித்தது. பிலோமின் கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். அவளுக்குப் பின்னால், அறை மூலையில், அந்தப் பழைய ஆளும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பதாகப் பாகீரதிக்குத் தோன்றியது. இவ்வளவு காலம் கட்டிக் காத்துவிட்டு இப்போதா?

"ஒங்கம்மா ஜோசஃபின் மேலேர்ந்து பாத்துக்கினுதான் இருக்கா சாமி. நீ தூங்கு" என்றாள்.

அவன் தூங்கினான். எழுந்திருக்கவில்லை.

கல்பள்ளிக் கல்லறைத் தோட்டத்தில் பள்ளிக்கூடமே திரண்டு நின்றது. பாகீரதி கூட்டத்தின் ஓரத்தில் வெறுங்கூடையோடு நின்றாள். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டார்கள். அவள் முறை வந்தபோது ஒருத்தர், "நீங்க யாரும்மா?" என்று விசாரித்தார். "கீரைக்காரிங்க" என்றாள். அவரும் சரி என்று வழிவிட்டார்.

வீட்டுக்கு வந்து அழக்கூட இல்லை. ஒரே யோசனைதான். வாயைத் திறக்கவே இல்லையே. இன்ஸ்பெக்டர் முன்னால் திறக்கவில்லை, மதர் முன்னால் திறக்கவில்லை, அவன் சாகக் கிடந்தபோதுகூடத் திறக்கவில்லையே. அப்படியும் தூக்கிக்கொண்டு போய்விட்டானே! அப்படியென்றால் எதற்காக அந்த விரல்களைப் பிரித்தாள்? எதற்காகப் புருஷனைக் கோலாருக்கு அனுப்பினாள்? அம்மா என்ற ஒரு வார்த்தையைக் காதில் வாங்காமல் எதற்காக நாற்பது வருஷம்? கேட்டுப் பதில் சொல்ல ஒருத்தரும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். அடுத்த வாரம் கதவைத் தட்டியபோதும் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

பெர்னார்ட் வந்திருந்தான். ஆம்ப்ரோஸ் வாத்தியாரிடம் படித்து, இப்போது முனிசிபல் ஆபீஸில் வேலை பார்க்கிற பிள்ளை. தலையெண்ண வந்திருக்கிறான்.

"சார் இருந்திருந்தா இந்தத் தெருவுக்கு அவருதான் வந்திருப்பாரு ஆயா" என்று சொல்லிக்கொண்டே முக்காலியை இழுத்துப் போட்டான். பேர், வயசு, ஜாதி, தாய்பாஷை எல்லாம் கேட்டான். "இந்தத் தடவ பொம்பளைங்களுக்குப் புதுசா ஒரு கேள்வி வெச்சிருக்காங்க. ஒங்களுக்கு மொத்தம் எத்தன பொறந்துது, இப்ப எத்தன உசுரோட இருக்குது?"

பாகீரதி அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நாலு" என்றாள்.

"உசுரோட?"

"ஒண்ணுமில்ல."

எழுதினான். மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. "எல்லாமே சின்னதுலயே போயிடுச்சா ஆயா?"

"மூணு சின்னதுல போச்சு. நாலாவது போன செவ்வாக்கெழம போச்சு."

பெர்னார்டின் பேனா நின்றது. கிழவிக்குப் புத்தி கலங்கிவிட்டதோ என்று பார்த்தான். "போன செவ்வாக்கெழம இந்தத் தெருவுல சாவு ஒண்ணும் வுழலியே ஆயா."

"இங்க இல்ல. காக்ஸ் டவுன்ல. சவப்பொட்டிய நீகூடத்தான ஒரு பக்கம் தூக்கின?"

பாகீரதி எழுந்து வாசல் கதவை விரியத் திறந்தாள். தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாள்.

"ஆம்ப்ரோஸ் எம்புள்ள. நான் பெத்த புள்ள. நல்லா எழுதிக்கப்பா. இனிமே எவன் காதுல வுழுந்தா எனக்கென்ன?"